வக்கீல் ஃபீஸை எந்த வருஷக் கணக்கில் கழிப்பது? – வாசகர் கேள்வி பதில்

வேலைநீக்க வழக்குகள் சமரசமாக முடிந்து, கையில் மொத்தமாகப் பணம் வந்தவர்களிடமிருந்தும் வரப்போகிறவர்களிடமிருந்தும் வந்த கேள்விகள் இவை. கீழே வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தைச் சேர்ந்தவை. 2025-26 நிதியாண்டு வருமானம் வரை அதுதான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் வருவது 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டம். அதில் எண்கள் மாறுகின்றன, இங்கே பேசும் அடிப்படை மாறவில்லை.

கேள்வி: மணலியில் ஒரு தொழிற்சாலையில் 2008 ஏப்ரலில் சேர்ந்தேன். 2019 ஜூலையில் டிஸ்மிஸ் செய்தார்கள். லேபர் கோர்ட்டில் வழக்கு நடந்து, 2026 ஜனவரியில் 16 லட்ச ரூபாய்க்கு சமரசம் ஆகியிருக்கிறது. 2025 மார்ச் 31 வரை வேலையில் இருந்ததாகக் கணக்கிட்டு, பாதிச் சம்பளம் பேக் வேஜஸ் (வேலையில்லாத காலத்துச் சம்பள பாக்கி) 8,97,000, கிராஜுவிட்டி 2,04,000, மீதி 4,99,000 இழப்பீடு என்று பேசி முடித்தோம். வக்கீலுக்கு ஆறு வருஷத்தில் 1,85,000 கொடுத்திருக்கிறேன். அதில் 1,20,000 இப்போது கொடுத்தது. இந்த ஃபீஸை வரியில் கழிக்கலாமா? கொடுத்த வருஷத்திலா, பணம் வந்த வருஷத்திலா? இடையில் செக்யூரிட்டி வேலையில் மாதம் 15,000 வாங்குகிறேன்.
– மணலி வாசகர்

எந்த வருஷத்திலும் கழிக்க முடியாது. சம்பள வருமானத்தில் எதை எதைக் கழிக்கலாம் என்று பிரிவு 16 சொல்கிறது: நிலையான கழிவு, தொழில் வரி, அரசு ஊழியர்களுக்கு மட்டும் ஒரு கேளிக்கைப் படி. அதோடு பட்டியல் முடிந்தது. பேக் வேஜஸும் சம்பளம்தான். வேலை போனதற்கான இழப்பீடும் பிரிவு 17(3)இன்படி ‘சம்பளத்துக்குப் பதிலான ஆதாயம்’ என்று சம்பளத்தில்தான் சேரும். வியாபாரிக்கு இருப்பதுபோல ‘வருமானம் ஈட்டச் செய்த செலவு’ என்ற கழிவு சம்பளக்காரருக்கு இல்லை. வழக்கு போடாமல் இந்தப் பணம் வந்திருக்காது என்பது உண்மை, அதனால் இது நியாயமில்லாததாகத் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் சட்டத்தில் இடமில்லாததை ரிட்டர்னில் எழுதினால் நோட்டீஸ்தான் வரும்.

உங்கள் விஷயத்தில் அந்தக் கழிவு இல்லாமலேயே வரியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வழி இருக்கிறது. அது ஒப்பந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் தொடங்குகிறது. பத்திரத்தை எடுத்து தொகை வரும் பத்தியைப் படியுங்கள். ‘சகல பாக்கிகளுக்கும் முழுமையான, இறுதித் தீர்வாக ரூ.16,00,000’ என்று ஒரே வரியில் இருந்தால் பிரச்சினை. நிர்வாகத்தின் சம்பளப் பிரிவு முழுத் தொகையையும் சம்பளமாக எடுத்துக்கொள்ளும். செக்யூரிட்டி சம்பளம் 1,80,000 சேர்த்து, நிலையான கழிவு 75,000 போக 17,05,000. புதிய வரி முறையில் 2025-26க்கு வரி 1,41,000. 4 சதவீத செஸ் சேர்த்தால் 1,46,640.

பேசி முடித்தபடியே பிரித்து எழுதியிருந்தால் கணக்கு வேறு.

கிராஜுவிட்டி: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 20,800 என்றால், 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 12,000. 17 வருஷத்துக்கு 2,04,000. உங்களுக்கு வந்த தொகையும் அதுவே. முழுக்க வரிவிலக்கு.

இழப்பீடு: தொழிலாளிக்கு ஆட்குறைப்பு இழப்பீடாக வருவதில், ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்ற கணக்கு வரை, அதிகபட்சம் 5 லட்சம், பிரிவு 10(10பி)இன்படி விலக்கு. எல்லாப் படியும் சேர்த்து உங்கள் மாதச் சம்பளம் 26,000 என்றால் பாதி 13,000, 17 வருஷத்துக்கு 2,21,000. மீதி 2,78,000க்கு வரி உண்டு. இங்கேதான் பலருக்குக் கை நழுவுகிறது. ஒழுங்கு நடவடிக்கையாகச் செய்த வேலைநீக்கம் ‘ஆட்குறைப்பு’ ஆகாது. ஒப்பந்தத்தில் டிஸ்மிஸ் உத்தரவை அப்படியே நிற்கவிட்டு, ‘கருணைத் தொகை’ என்று போட்டு பணம் கொடுத்தால் இந்த விலக்கைக் கேட்பது கடினம். ‘டிஸ்மிஸ் உத்தரவு ரத்து செய்யப்படுகிறது. 31.3.2025 முதல் தொழிலாளி ஆட்குறைப்பு செய்யப்பட்டதாகக் கொள்ளப்படும். அதற்கான இழப்பீடு ரூ.2,21,000’ என்று தெளிவாக இருக்க வேண்டும். டிஸ்மிஸ் என்ற கறை நீங்குவது அடுத்த வேலைக்கும் நல்லது.

இப்படிப் பிரித்தால் வரிக்குரியது: பேக் வேஜஸ் 8,97,000, மீதி இழப்பீடு 2,78,000, செக்யூரிட்டி சம்பளம் 1,80,000. கூட்டி 75,000 கழித்தால் 12,80,000. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால், அதுவரை வருமானம் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் வரித் தள்ளுபடி போய்விடும். வரி 72,000, செஸ்ஸோடு 74,880.

அடுத்த படி பிரிவு 89 நிவாரணம். ஆறு வருஷச் சம்பளம் ஒரே வருஷத்தில் வந்து விழுந்ததால் கூடிய வரியை இது கழித்துக் கொடுக்கிறது. புதிய வரி முறையிலும் உண்டு. இதற்கு ஃபார்ம் 10இ. அதன் முதல் இணைப்பில் உள்ள அட்டவணையில் வருஷவாரியாக எழுத வேண்டும்: அந்த வருஷத்து மொத்த வருமானம், அந்த வருஷத்துக்கு உரிய பாக்கி, இரண்டின் கூட்டல், பாக்கி இல்லாமல் வரி, பாக்கியோடு வரி, வித்தியாசம். உங்களுக்கு 2019-20இல் 9 மாதத்துக்கு 1,17,000. அதன்பின் 2024-25 வரை ஐந்து வருஷம், வருஷத்துக்கு 1,56,000. செக்யூரிட்டி சம்பளத்தோடு சேர்த்தாலும் எந்த வருஷமும் 5 லட்சத்தைத் தொடவில்லை, ஆகவே அந்த வருஷங்களில் வரி பூஜ்யம். இந்த வருஷத்தில் பேக் வேஜஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 3,83,000, அதற்கும் வரி பூஜ்யம். ஆக 74,880 முழுவதும் நிவாரணமாகக் கழிந்துவிடும். வக்கீல் ஃபீஸைக் கழிக்க விட்டிருந்தாலும் இதைவிட ஒரு ரூபாய் கூடுதலாக மிச்சமாகியிருக்காது.

வரிசை தவறக்கூடாது. முதலில் வருமான வரி இணையதளத்தில் 10இ, பிறகுதான் ரிட்டர்ன். 10இ போடாமல் ரிட்டர்னில் மட்டும் நிவாரணத் தொகையை எழுதினால் பரிசீலனையில் அதை வெட்டிவிட்டு, வட்டியோடு கேட்பு அனுப்புவார்கள். முன்பு ரிட்டர்ன் போடாத வருஷங்களுக்கும் வருமான விவரம் கேட்கும். செக்யூரிட்டி ஏஜென்சியின் சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் கம்பெனியாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைக் கொடுத்து, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கும்போதே நிவாரணத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லலாம். பிரிவு 192(2ஏ) அதற்கு இடம் தருகிறது. பான் எண் கொடுக்க மறந்தால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். அதைத் திரும்பப் பெற ரிட்டர்ன் பரிசீலனை முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: சூப்பர்வைசராக இருந்தேன். என் வேலைநீக்க வழக்கு சிவில் கோர்ட்டில் 9 லட்சத்துக்கு முடிகிறது. இப்போது வேறு இடத்தில் வருஷம் 7 லட்சம் சம்பளம். மார்ச் 20ஆம் தேதி கையெழுத்து. பாதியை ஏப்ரலில் வாங்கிக்கொண்டால் வரி குறையும் என்று நண்பர் சொல்கிறார். சரியா?
– திருவொற்றியூர் வாசகர்

சரி, ஆனால் ஏப்ரலில் வாங்கினால் மட்டும் போதாது. சம்பள வருமானத்துக்கு பிரிவு 15இன் விதி: பணம் உரியதாகும் நாள், கையில் வரும் நாள், இரண்டில் எது முந்தியதோ அந்த வருஷத்தில் வரி. மார்ச் 20இல் ‘9 லட்சம் கொடுக்கப்படும்’ என்று எழுதிவிட்டு, ஏப்ரலில் பாதியை வாங்கினாலும் ஒன்பதும் இந்த வருஷக் கணக்குதான். மார்ச் 28 தேதியிட்ட செக்கை ஏப்ரல் 2இல் பேங்கில் போடுவதாலும் எதுவும் மாறாது. ‘முதல் தவணை ரூ.4,50,000 கையெழுத்து நாளன்று. இரண்டாம் தவணை ரூ.4,50,000, ஏப்ரல் 15 அன்றுதான் உரியதாகும், அன்று கொடுக்கப்படும்’ என்று ஒப்பந்தமே சொல்ல வேண்டும்.

பலன் பெரியது. ஒரே வருஷத்தில் என்றால் 16 லட்சத்தில் 75,000 போக 15,25,000. வரி 1,08,750, செஸ்ஸோடு 1,13,100. பிரித்தால் வருஷத்துக்கு 10,75,000. 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை. அடுத்த வருஷமும் இதே சம்பளம், இதே வரம்பு என்ற கணக்கில் இரண்டு வருஷமும் பூஜ்யம். சம்பள உயர்வு, போனஸ் வருவதாக இருந்தால் இரண்டாம் தவணையைக் கொஞ்சம் சிறிதாக்குங்கள்.

இதில் ஆபத்து வரியில் இல்லை, இரண்டாம் தவணையில்தான். சூப்பர்வைசர் என்பதால் தொழிலாளிக்குள்ள லேபர் கோர்ட் வசூல் வழி உங்களுக்கு இல்லை. எனவே சமரசத்தை வெறும் பத்திரமாக விட்டுவிடாமல், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 23 விதி 3இன்படி கோர்ட்டில் பதிவு செய்து தீர்ப்பாணையாக (டிக்ரீ) வாங்குங்கள். தவணை தவறினால் வட்டி எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். அப்போதுதான் பணம் வராவிட்டால் நேரே நிறைவேற்று மனு போட முடியும். நிர்வாகம் தள்ளாடுகிறது, ஏப்ரலில் இருக்குமோ இருக்காதோ என்ற நிலை என்றால் 1,13,100 வரி கட்டினாலும் பரவாயில்லை, முழுப் பணத்தையும் மார்ச்சிலேயே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என் வக்கீல் ஃபீஸை நிர்வாகமே நேராக அவருக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு வரி குறையுமா? வக்கீல் ‘வர்ற பணத்தில் பத்து பர்சென்ட்’ என்கிறார்.
– தண்டையார்பேட்டை வாசகர்

குறையாது. நீங்கள் கொடுக்க வேண்டியதை முதலாளி கொடுத்தால் அதுவும் உங்கள் வருமானமே, பிரிவு 17(2)(iv). செட்டில்மென்ட் பணத்திலிருந்து பிடித்துக்கொண்டாலும் அப்படித்தான். அது வந்த வருமானத்தைச் செலவு செய்த விதம், அவ்வளவே.

ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. தொகையாகப் பேசி ரசீது வாங்குங்கள். அதோடு ஒன்று: தொழில் தகராறு வழக்கில் தொழிலாளிக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12 தொழிற்சாலைத் தொழிலாளியைத் தனியாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வழக்கு தொடங்கும் முன்பே போனால் கழிக்க முடியாத அந்தச் செலவே வராது.

கேள்வி: வியாசர்பாடியில் லேத் பட்டறை, 12 பேர் வேலை செய்கிறார்கள், வருஷ வியாபாரம் 1 கோடியே 40 லட்சம். 2023இல் நிறுத்திய ஒரு தொழிலாளியோடு வழக்கு. வக்கீலுக்கு 2023-24இல் 40,000, அடுத்த வருஷம் 45,000, இந்த வருஷம் 60,000. மார்ச் 18இல் 3,50,000க்கு ஒப்பந்தம், அதில் கிராஜுவிட்டி 90,000. பணம் ஏப்ரல் 15இல் கொடுக்கிறோம். எந்த வருஷச் செலவு?
– வியாசர்பாடி வாசகர்

முதலில் உங்கள் ரிட்டர்ன் எந்த முறையில் போகிறது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். பிரிவு 44ஏடியில் வியாபாரத்தின் 8 அல்லது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டுகிறீர்கள் என்றால் இந்தக் கேள்வியே எழாது. எல்லாச் செலவும் அந்த விகிதத்துக்குள் அடக்கம், வக்கீல் ஃபீஸைத் தனியாகக் கழிக்க முடியாது.

கணக்குப் புத்தகம் வைத்து லாபம் காட்டுபவராக இருந்தால் பிரிவு 37(1)இன்படி வக்கீல் ஃபீஸும் இழப்பீடும் செலவுதான். கடன்பட்ட நாளில் எழுதும் முறை என்றால் ஃபீஸ் அந்தந்த வருஷ பில்லுக்கு அந்தந்த வருஷம். இழப்பீடு 2,60,000, கையெழுத்தான மார்ச் 18 இருக்கும் 2025-26இல் வரும். 2023இலேயே ‘தோற்றால் கொடுக்க வேண்டிவரும்’ என்று உத்தேசமாக எழுதி வைத்திருந்தால் அது செல்லாது. பணம் கொடுத்த நாளில் எழுதும் முறை என்றால் இழப்பீடு 2026-27க்குப் போகும். கிராஜுவிட்டிக்கு மட்டும் தனி விதி, பிரிவு 40ஏ(7): உத்தேசமாக ஒதுக்கி வைத்தது கழியாது, அந்த வருஷத்தில் கொடுக்க வேண்டியதாகிவிட்ட தொகைதான் கழியும். மார்ச் 18 ஒப்பந்தத்திலேயே உரியதாகிவிடுவதால், கடன்பட்ட நாளில் எழுதும் முறையில் 2025-26இலேயே கழியும். பணம் கொடுத்த நாளில் எழுதும் முறை என்றால் கொடுத்த வருஷம்தான்.

செலவு வெட்டுப்படுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று ரொக்கம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை முழுவதும் செலவாக ஏற்கப்படாது, பிரிவு 40ஏ(3). வாய்தா நாளில் கோர்ட் வாசலில் கட்டாகக் கொடுத்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டும். இன்னொன்று டிடிஎஸ். முந்தைய வருஷ வியாபாரம் 1 கோடியைத் தாண்டியிருந்தால் வக்கீல் ஃபீஸில் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வரம்பு வருஷத்துக்கு 50,000. அதற்கு முன் 30,000. ஆகவே இந்த வருஷம் 60,000க்கு 6,000 பிடித்தாக வேண்டும். மார்ச் மாதம் பிடித்ததை ஏப்ரல் 30க்குள் கட்ட வேண்டும். பழைய 40,000, 45,000 இரண்டும் அன்றைய வரம்பைத் தாண்டியவை. பிடிக்காமல் விட்டிருந்தால் அவற்றில் 30 சதவீதம் செலவாக ஏற்கப்படாது. வக்கீல் அந்த வருமானத்தைக் காட்டி வரி கட்டியிருந்தால் ஃபார்ம் 26ஏவில் ஆடிட்டர் சான்று வாங்கிச் சரிசெய்யலாம். ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் என்பதால் வக்கீல் ஃபீஸுக்கான 18 சதவீதத்தை நீங்களே தலைகீழ் முறையில் கட்டுவதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், டெக்சஸில் வேலை செய்தாள். பெண் என்பதால் பாரபட்சம் காட்டினார்கள் என்று போட்ட வழக்கு 2025 டிசம்பரில் 90,000 டாலருக்கு முடிந்தது. 45,000 டிசம்பரிலும் 45,000 ஜனவரியிலும். வக்கீல் தன் 30,000 டாலரை முதல் தவணையிலேயே எடுத்துக்கொண்டார். 2024இல் 8,000 டாலர் முன்பணமும் கட்டியிருக்கிறாள். அங்கே கழிவு உண்டா?
– ராயபுரம் வாசகி

உண்டு, அங்கேதான் வருஷம் முக்கியம். 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேங்க்ஸ் என்பவரின் வழக்கில், வக்கீல் எடுத்துக்கொள்ளும் பங்கும் கட்சிக்காரரின் வருமானமே என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய வருஷமே, 2004 சட்டத்தில், வேலையிடப் பாரபட்ச வழக்குகளின் வக்கீல் ஃபீஸை மொத்த வருமானத்திலிருந்து நேராகக் கழிக்க வழி செய்தார்கள். நிபந்தனை: ஒரு வருஷத்தில் கழிக்கும் ஃபீஸ், அதே வருஷத்தில் அந்த வழக்கிலிருந்து வந்த வருமானத்தைத் தாண்டக்கூடாது.

உங்கள் மகளுக்கு 2025இல் வருமானம் 45,000, கொடுத்த ஃபீஸ் 30,000. முழுவதும் 2025 ரிட்டர்னில் கழியும். அட்டவணை 1, வரிசை 24எச். 2025இல் வக்கீலுக்கு மொத்தம் 50,000 கொடுத்திருந்தால் வரம்பு 45,000தான், மீதி 5,000 கையை விட்டுப் போயிருக்கும். தவணையாக வாங்குபவர்கள் ஃபீஸையும் ஒவ்வொரு தவணையிலும் விகிதப்படி எடுக்கச் சொல்வது இதனால்தான். 2024இல் கட்டிய 8,000க்கு அந்த வருஷம் வழக்கு வருமானமே இல்லை, ஆகவே வரம்பு பூஜ்யம். இதர செலவுகளாகக் கழிக்கும் பழைய வழி 2018இலிருந்து மூடப்பட்டு, 2025 சட்டத்தால் நிரந்தரமாகவே போய்விட்டது. அந்த 8,000ஐ 2025 கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வரும் படிவங்களை ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளமாகக் கருதிய பகுதி டபிள்யூ-2விலும், மற்றது 1099 படிவத்திலும் வரும். அவற்றில் வக்கீல் எடுத்த தொகையும் சேர்ந்தே இருக்கும். கையில் வந்த 15,000ஐ மட்டும் 2025 வருமானமாகக் காட்டினால் வரித்துறையிடம் இருக்கும் தொகையோடு இடிக்கும். 45,000ஐயும் காட்டி, 30,000ஐக் கழிக்க வேண்டும். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அதனால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டால் போதும். ஏப்ரல் 15க்குள் ரிட்டர்ன்.